எண்ணூரில் ஜன்னல் மாற்றுகிறவர்களுக்கு

வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தரைக்கு என்ன டைல்ஸ், சமையல் மேடைக்கு என்ன கிரானைட் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். ஜன்னலுக்கு வந்ததும், “எல்லாரும் போடுறதையே போட்டுடுங்க” என்று ஃபேப்ரிகேட்டர் கையில் விட்டுவிடுகிறார்கள். அண்ணா நகரிலோ தாம்பரத்திலோ இருந்தால் இதனால் பெரிய நஷ்டம் வராது. எண்ணூரில் வரும். எங்களுக்குக் கிழக்கே கடல். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். அதற்கு அப்பால் வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், அவற்றின் சாம்பல் குளங்கள், காமராஜர் துறைமுகம். தென்மேற்கே மணலி ஆலைகள். எந்தப் பக்கத்துக் காற்றானாலும் வீட்டுக்குள் வரும் வழி ஜன்னல்தான்.

எண்ணூர் கத்திவாக்கத்துக்கு மருமகளாக வந்து, இந்தப் பக்கத்துப் பள்ளியிலேயே மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மாமனார் கட்டிய வீட்டைச் சமீபத்தில் புதுப்பித்தோம். டைல்ஸையும் பெயிண்டையும் பிள்ளைகள் தேர்ந்தெடுத்தார்கள். ஜன்னலை நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்த்த பக்கத்துக்கு வெள்ளை நிற யுபிவிசி. இழுத்துத் தள்ளும் ஸ்லைடிங் வேண்டாம். கதவு போலத் திறந்து மூடும் வகை வேண்டும். கீலும் திருகாணியும் 316 தர எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). தெருப்பக்கம் பழைய தேக்கு நிலை நன்றாக இருந்தால் அதைப் பிடுங்கக் கூடாது. இப்படி முடிவு செய்ததற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் உப்பு. கடலில் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றோடு வந்து சுவரிலும் கம்பியிலும் ஒட்டுகின்றன. நீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். நாம் சாப்பிடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கரையத் தொடங்கும். சென்னைக் கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் 75ஐத் தாண்டுகிறது. அதனால் மழையே இல்லாத மாதத்திலும் எங்கள் ஜன்னல் கம்பிகள் இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்துதான் இருக்கின்றன. மழைக்காலத்தில்தான் இரும்பு கெடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மழை உப்பைக் கழுவி விடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் மழை படாத பாகத்தில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகிறது. எங்கள் வீட்டு இரும்பு ஜன்னல்களில் மேல் சட்டமும் சன்ஷேடு மறைத்த மூலைகளும்தான் முதலில் பொரிந்து உதிர்ந்தன. மழையில் நேராக நனைந்த கீழ்ச்சட்டம் அவற்றைவிட நல்ல நிலையில் இருந்தது.

கரையிலிருந்து சில நூறு மீட்டர் உள்ளே போனாலே படியும் உப்பின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே ஒரே வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் ஒரே பொருள் என்று முடிவு செய்யத் தேவையில்லை. கிழக்குச் சுவர் வேறு, மேற்குச் சுவர் வேறு.

உப்பு மட்டும் என்றால் காசிமேட்டுக்கும் எங்களுக்கும் ஒரே கணக்காக இருந்திருக்கும். ஆனால் இங்கே கோடையில் காற்று வலுத்தால் செப்பாக்கம் பக்கத்துச் சாம்பல் குளங்களிலிருந்து சாம்பலும் எழுந்து வருகிறது. நிலக்கரிப் புகையின் கந்தக டை ஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. உப்போடு அதுவும் சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். அனல் மின் நிலையங்கள் இவ்வளவுதான் கந்தகப் புகை விடலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரிலேயே வரம்பு வைத்தது. அதற்கான கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப்போடப்பட்டது. அந்தத் தாமதத்தின் விலையை எங்கள் தெருவில் ஒவ்வொரு குடும்பமும் ரெட் ஆக்சைடாகவும் எனாமல் பெயிண்டாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இரும்பு ஜன்னலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். சட்டத்தில் தொடங்கிச் சுவருக்குள் புதைத்த ஹோல்ட்ஃபாஸ்ட் வரை போய், பூச்சைப் பிளந்து, ஜன்னலோடு சுவரையும் கெடுத்துவிடும். இரும்பு வேண்டாம்.

விலை குறைவு என்பதால் பலர் வாங்கும் ரெடிமேட் கான்கிரீட் நிலைகளும் வேண்டாம் என்பேன். கான்கிரீட் துருப்பிடிக்காதுதான், உள்ளே இருக்கும் கம்பி பிடிக்கும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, கடலோரக் காற்றில் நிற்கும் கட்டுமானத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடி இருக்க வேண்டும் என்கிறது. 3 அங்குல நிலை என்பது 75 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் 45 விட்டால் 90 ஆகிவிடுகிறது. கம்பி வைக்கவே இடமில்லை. தூணுக்கும் உத்தரத்துக்கும் எழுதிய விதி ஜன்னல் நிலைக்கு எதற்கு என்று கேட்கலாம். உப்புக்கு அந்த வித்தியாசம் கிடையாது.

மரத்துக்கு வருவோம். முன்பக்க ஜன்னல்கள் மாமனார் போட்ட தேக்கு. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்த ஆசாரி, “டீச்சரம்மா, இதக் கழட்டிப் போட்டுட்டுப் புது மரம் வாங்கினீங்கன்னா, இந்தத் தரத்துல கிடைக்காது. விட்டுடுங்க” என்றார். முற்றிய தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. கரையானும் ஈரமும் எளிதில் அண்டாது. அவர் மாற்றச் சொன்னது ஆணிகளையும் கீல்களையும்தான். உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் இரும்பு ஆணி துருப்பிடிப்பதோடு நிற்காமல் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து உளுத்துப்போகச் செய்கிறது. ஆணியே இல்லாமல் கயிற்றால் கட்டிய கட்டுமரமும், கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகும் ஓடிய கரை இது. அலையின் அடிக்கு வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். ஆணித் துருவின் தொல்லையும் அதனால் இல்லாமல் போயிருக்கும்.

ஆனால் இன்று புதிதாக மர ஜன்னல் போடுகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் இளம் மரம், நன்றாக உலராதது. ஐப்பசி மழையில் ஊதி, சித்திரையில் சுருங்கும். ஊதினால் திறக்காது, சுருங்கினால் இடுக்கு விடும். நல்ல பர்மா தேக்கு கன அடி விலை கேட்டால் சாதாரணக் குடும்பம் திரும்பி வந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எர்ணாவூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததையும் மறக்கக் கூடாது. மரத்தில் ஊறிய எண்ணெய்க் கறை துடைத்தால் போவதில்லை.

அலுமினியத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். “அலுமினியம் துருப்பிடிக்காது” என்பது கடைக்காரர்களின் பல்லவி. அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஓர் ஆக்சைடு படலம் உண்டு. அதுதான் அதைக் காக்கிறது. அந்தப் படலத்துக்குக் குளோரைடு எதிரி. உப்பு தங்கிய இடத்தில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் விழும், வெள்ளைப் பொடி பூக்கும். காரத் தன்மையும் அதற்கு ஆகாது. ஈர சிமென்ட் கடும் காரம். கொத்தனார் பூசும்போது தெறித்த கலவையை உடனே துடைக்காவிட்டால் அந்தத் தடம் போகவே போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலுமினியச் சட்டத்தில் இரும்புத் திருகாணி. இரண்டு உலோகம், நடுவில் உப்புநீர்: பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வரும் மின்கலம் இதுதான். வெறும் இரும்புத் திருகைச் சுற்றி அலுமினியம் கரையும், திருகும் துருப்பிடிக்கும்.

அலுமினியமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அனோடைஸ் பூச்சு 25 மைக்ரான் இருந்தால், சட்டத்தின் கனம் சரியாக இருந்தால், எல்லாத் திருகும் எஸ்.எஸ். ஆக இருந்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவினால், அது உழைக்கும். பழசானால் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் விலை உண்டு. உருக்கி மீண்டும் பயன்படுத்தப் புது அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும். நிலக்கரி மின்சாரத்தின் நிழலில் வாழும் எங்களுக்கு அந்தக் கணக்கு பெரிதாகப் படுகிறது. ஆனால் இங்கே சாதாரண வீடுகளில் மாட்டப்படும் சரக்கு அந்தத் தரத்தில் இல்லை. எத்தனை மைக்ரான் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

எங்கள் வேலையை எடுத்துச் செய்தவர் என்னிடம் படித்தவர். “டீச்சர், எல்லாரும் டூ டிராக் ஸ்லைடிங்தான் போடுறாங்க. இடம் அடைக்காது, கொசுவலையும் சேர்ந்து வரும்” என்றார். அவர் சொன்னது உண்மை. நான் மறுத்ததற்குக் காரணம், ஸ்லைடிங்கின் அடியில் ஓடும் அந்தப் பள்ளம். எண்ணூரில் அந்தப் பள்ளம் சாம்பலும் மணலும் சேரும் வாய்க்கால். சாம்பலின் நுண்துகள்கள் உருளைச் சக்கரத்தைத் தேய்க்கும். மழைத்தண்ணீர் வெளியேறும் ஓட்டையை அடைக்கும். அடைத்தால் தண்ணீர் அறைக்குள் வழியும். இன்னொன்று, ஸ்லைடிங்கை எவ்வளவு திறந்தாலும் பாதி ஜன்னல்தான் திறக்கும். கொண்டல் காற்று வரும் சாயங்காலத்தில் பாதிக் காற்றை வேண்டாம் என்று சொல்வதற்கா கடற்கரையில் வீடு?

கதவு வகை ஜன்னலில் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கும். கைப்பிடியைத் திருப்பினால் கதவு அந்த ரப்பரை அழுத்திக்கொண்டு மூடும். ஸ்லைடிங்கில் இருப்பது பிரஷ் போன்ற மயிர்ப்பட்டை. அது கதவு நகர்வதற்கு இடம் விட்டே ஆக வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நான் பிடிவாதம் பிடித்தேன்.

யுபிவிசி என்பது இளக்கி சேர்க்காத கெட்டி பிவிசி. ஜெர்மனியில் 1950களிலேயே ஜன்னலுக்கு வந்துவிட்டது; நம் ஊரில் பரவலானது இந்த நூற்றாண்டில்தான். உப்பு, சாம்பல், சிமென்ட் மூன்றும் அதை ஒன்றும் செய்வதில்லை. குறைகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. வெயிலில் அது அலுமினியத்தைப்போல் மூன்று மடங்கு விரிகிறது. 5 அடி சட்டம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டு, இடுக்கைச் சிலிக்கானால் அடைக்க வேண்டும். கொத்தனார்கள் பழக்கத்தில் சிமென்ட் வைத்து இறுக்கிவிடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். அடர்ந்த நிறம் அதிகச் சூடேறி வளையும்; 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி கண்ட ஊர் இது, வெள்ளைதான் சரி. தீப்பிடித்தால் பிவிசி ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும்; அதனால் அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் ஜன்னலுக்கு நான் அதைப் போடவில்லை. தனியாகப் பார்த்தால் அது வளையக்கூடிய பொருள் என்பதால் உள்ளே இரும்புச் சட்டம் செருகுவார்கள். காசைக் குறைக்க அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 2016 டிசம்பரில் வர்தா புயலின் காற்றைப் பார்த்தவர்கள் அந்தச் சட்டம் இல்லாத ஜன்னலை வாங்க மாட்டார்கள். துத்தநாகம் பூசிய சட்டம்தானா என்று வெட்டிய முனையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

ஃபைபர் நிலை ஏன் வரவில்லை என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. இந்தக் கரையில் படகே ஃபைபருக்கு மாறிவிட்டது. அதை ஒட்டவும் தேய்க்கவும் தெரிந்த கைகள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கின்றன. வெளிநாடுகளில் ஃபைபர் ஜன்னல் சட்டங்கள் புழக்கத்தில் உள்ளன. நம் ஊரில் அது குளியலறைக் கதவோடு நின்றுவிட்டது.

கிரில் எப்படியும் உலோகம்தான். துத்தநாகம் பூசிய குழாயை வாங்கி வெல்டிங் வைத்தால் வெல்டிங் பட்ட இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும். துரு அங்கேதான் தொடங்கும். கிரிலை முழுதாகச் செய்து முடித்த பிறகு துத்தநாகக் குளியலில் முக்கி எடுப்பதே முறை. எஸ்.எஸ். என்றால் தரத்தை எண்ணில் கேளுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பது 202. கடலோரத்தில் அது சீக்கிரமே பழுப்புக் கறை காட்டும். 304 அதைவிட மேல். மாலிப்டினம் சேர்ந்த 316 உப்பைத் தாங்கும். காந்தம் வைத்துச் சோதித்தால் மூன்றுமே ஒட்டாது. அதை வைத்துக் கடைக்காரர் சத்தியம் செய்தால் நம்ப வேண்டாம்.

பித்தளைக் கீல் போடலாமே என்று ஆசாரி கேட்டார். நான் வேண்டாம் என்றேன். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயத்தை ஒட்டி வைத்திருந்த ராணுவத்தின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும் ஈரமும், பித்தளைக்குள் தங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல்தான் விளக்கம் கிடைத்தது. அமோனியா புழங்கும் ஊரில் பித்தளையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் அது புழங்குகிறது. கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரக் கடலுக்கடியில் குழாய் பதித்திருந்தார்கள்.

2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அந்தக் குழாயிலிருந்து வாயு கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். எங்கள் வீட்டில் நாங்கள் முதலில் செய்தது ஜன்னல்களைச் சாத்தியதுதான். துருவேறிய இரும்பு ஜன்னல்கள் இரண்டு விரல் இடுக்கு விட்டே நின்றன. கொண்டி விழவில்லை. அந்த இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்தேன். ஒரு பங்கு தண்ணீர் சுமார் 700 பங்கு அமோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும்; வகுப்பில் நீரூற்றுச் சோதனையாகப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டிய பாடம். அதைப் பேத்தியின் படுக்கையறையில் பயன்படுத்த வேண்டி வரும் என்று நினைத்ததில்லை.

இறுக்கமாக மூடும் ஜன்னல் விஷவாயுவை முழுதாக நிறுத்திவிடாது. கொஞ்சம் நேரம் கொடுக்கும். முகத்தில் ஈரத்துணி கட்டவும், எந்தப் பக்கம் போவது என்று தெரிந்துகொள்ளவும் அந்த நேரம் தேவை. சென்னையின் பெரும்பாலான பகுதிகளில் ஜன்னல் வாங்குகிறவர்கள், விஷவாயு வந்தால் இது இறுக்கமாக மூடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. நாங்கள் கேட்டாக வேண்டியிருக்கிறது என்பது அநியாயம். ஆலைகளை ஒழுங்காக நடத்த வைப்பதுதான் உண்மையான தீர்வு. ஜன்னல் அதற்கு மாற்றாகிவிடாது. அந்தத் தீர்வு வரும்வரை எங்கள் பிள்ளைகள் இங்கேதான் தூங்குகிறார்கள்.

உப்பின் வலிமை அரசுக்குத் தெரியாததில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் நாட்டின் எந்தப் பகுதியில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று வரைபடமே போட்டிருக்கிறது. மண்டபத்தில் கடற்காற்றில் உலோகங்களை வைத்துச் சோதிக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலத்துக்குத் தெரிந்த உப்பு, கடலோரத்தில் கட்டும் குடியிருப்புகளின் ஜன்னலுக்கும் தெரிய வேண்டும். சொந்த வீட்டுக்காரர் விசாரித்து வாங்கலாம். அரசுக் குடியிருப்பில் இருப்பவருக்கு மாட்டிக்கொடுத்ததுதான் ஜன்னல். அது உதிர்ந்தால் அட்டையும் சாக்கும்தான்.

ஆகவே தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் இனி கட்டும், பழுதுபார்க்கும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஜன்னல் சட்டம், கீல், திருகாணி ஆகியவற்றின் தரத்தை எண்ணோடு டெண்டரிலேயே எழுதுங்கள். வீடு கட்டுகிறவர்களும் யுபிவிசியின் உள்சட்டம், அனோடைஸ் மைக்ரான், எஸ்.எஸ். எண் மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். மாநகராட்சியிடமும் பள்ளிக் கல்வித் துறையிடமும் கேட்பது இது: கத்திவாக்கம், எர்ணாவூர், காட்டுக்குப்பம், பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதிகளின் ஒவ்வொரு பள்ளியிலும் அங்கன்வாடியிலும் ஓர் அறைக்காவது ரப்பர் பட்டையோடு இறுக்கமாக மூடும் ஜன்னல்களைப் பொருத்திக் கொடுங்கள். அந்த அறையில் ஒரு குடம் தண்ணீரும் துணிகளும் எப்போதும் இருக்கட்டும். இதை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் செய்துவிடலாம்.